உயிரியல் படித்தவர்கள் மெடிக்கல் கோடிங் துறையில் காலூன்றுவது எப்படி

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலை விரும்பி எடுக்கும் பிள்ளைகளில் மிகப் பலரின் கண் மருத்துவப் படிப்பின் மீதே இருக்கிறது. இடங்கள் குறைவு என்பதால் அவர்களுள் பெரும்பாலோருக்கு அது கிடைப்பதில்லை. விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என்று ஏதேனும் ஒரு பி.எஸ்சி. படிப்பிலோ, நர்சிங், பிசியோதெரபி, பார்மசி படிப்புகளிலோ சேர்ந்து முடித்து வெளியே வரும்போது, பி.எட். முடித்து ஆசிரியராவது, பரிசோதனைக் கூடத்தில் சேர்வது, மருந்து நிறுவனப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் செல்வது என்று மிகச் சில வாசல்களே கண்ணில் படுகின்றன. இப்படித் தயங்கி நின்றவர்களில் பல்லாயிரம் பேர், கல்லூரியில் சேர்ந்த நாளில் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத, நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் துறையில் இன்று சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் சேலத்திலும் பணியாற்றுகிறார்கள்.

தற்செயலாக இந்தத் துறைக்குள் வருவது எளிது. வேறு நல்ல வேலை கிடைக்கும்வரை இருப்போம் என்ற எண்ணத்தோடு வந்தவர்களில் சிலர் ஈராண்டில் சலித்து விலகுகிறார்கள். அதே பயிற்சி வகுப்பில் உடன் அமர்ந்திருந்த வேறு சிலர், பத்தாண்டுகளுக்குள், பிறர் இட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டராகவும் பயிற்சியாளராகவும் மேலாளராகவும் உயர்ந்துவிடுகிறார்கள். தாங்கள் படித்த உயிரியலை வீணாய்ப்போன படிப்பாக எண்ணாமல் முதலீடாகக் கருதி, விதிகளை மூல நூலிலிருந்து கற்று, சரியான பிரிவைச் சரியான காலத்தில் தேர்ந்தெடுத்தவர்களே பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையினர் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழிமுறைகளையே இங்கு எழுதுகிறேன்.

வேலையின் இயல்பு

இது கணினிக்கு நிரல் எழுதும் வேலை அன்று; பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இங்கிருந்து செய்யப்படும் வேலை. அமெரிக்காவில் ஒரு நோயாளி மருத்துவரைப் பார்த்த பிறகு, அந்தச் சிகிச்சைக்கான தொகையை மருத்துவமனை பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ, மெடிக்கேர் போன்ற அரசுத் திட்டத்திடமிருந்தோ பெறுகிறது. என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை மருத்துவர் எழுதிய சொற்களில் அனுப்பினால் போதாது. அவற்றை வரையறுக்கப்பட்ட குறியீடுகளாக மாற்றி அனுப்ப வேண்டும். நோய்க்கு ஐ.சி.டி-10-சி.எம். குறியீடு, செய்த சிகிச்சைக்குச் சி.பி.டி. குறியீடு, மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் கோடர்கள் ஹிக்பிக்ஸ் என்று அழைக்கும் குறியீடு. சார்ட் எனப்படும் மருத்துவக் குறிப்பை முழுவதும் படித்து, அதில் எழுதப்பட்டிருப்பதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, இக்குறியீடுகளைப் பிழையின்றி இடுவதே கோடரின் பணி.

நோய்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் வழக்கம் பழமையானது. பிரான்சு நாட்டுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்தியோன் இறப்புக் காரணங்களுக்கான பட்டியல் ஒன்றை 1893இல் முன்வைத்தார். அதன் வழித்தோன்றலே இன்றைய ஐ.சி.டி. 1948 முதல் அதனை உலக சுகாதார நிறுவனம் பேணி வருகிறது. அமெரிக்கா தன் தேவைக்கேற்ப விரித்துக்கொண்ட ஐ.சி.டி-10-சி.எம். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அதில் உள்ள குறியீடுகள் 70,000க்கும் மேல். அவற்றை எவரும் மனப்பாடம் செய்வதில்லை, செய்யவும் கூடாது.

வேலையின் நுட்பம் எங்கே இருக்கிறது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் காட்டலாம். குடல்வால் அறுவை சிகிச்சையை லேப்ராஸ்கோப்பி மூலம் செய்தால் சி.பி.டி. 44970, வயிற்றைத் திறந்து செய்தால் 44950, குடல்வால் வெடித்துச் சீழ்க்கட்டியோ வயிற்றறை முழுவதும் பரவிய அழற்சியோ இருந்து திறந்து செய்தால் 44960. மூன்றிலும் அகற்றப்படுவது அதே உறுப்புதான். ஆனால் அறுவை சிகிச்சைக் குறிப்பை வரி விடாமல் படிக்காதவருக்கு அந்த வேறுபாடு கண்ணில் படாது.

இன்னொன்று, புதிதாக வருவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம். நெஞ்சு வலியோடு வெளிநோயாளியாக வந்த ஒருவரின் சார்ட்டில், மாரடைப்பாக இருக்கலாம் என்று ஐயப்படுவதாக மருத்துவர் எழுதியிருக்கிறார். வெளிநோயாளி விதிகளின்படி, உறுதி செய்யப்படாத நோய்க்குக் குறியீடு இடக் கூடாது. நெஞ்சு வலி என்ற அறிகுறிக்கு மட்டுமே இட வேண்டும். ஆனால் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவரின் டிஸ்சார்ஜ் குறிப்பில் அதே ஐயம் நீங்காமல் எழுதப்பட்டிருந்தால், அந்த நோய் இருப்பதாகவே கொண்டு மருத்துவமனைக் கணக்குக்குக் குறியீடு இட வேண்டும். சொற்கள் ஒன்றாக இருந்தும், சிகிச்சை நடந்த இடம் மாறியதால் விடை மாறிவிடுகிறது.

மூன்றாவது எடுத்துக்காட்டில் உயிரியல் அறிவும் விதியும் சந்திக்கின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், மூன்றாம் நிலைச் சிறுநீரகக் கோளாறு ஆகிய மூன்றும் ஒரே சார்ட்டில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றால் மற்றொன்று வந்தது என்று மருத்துவர் எங்கும் சொல்லவில்லை. எனினும், தொடர்பில்லை என்று அவர் மறுத்து எழுதாதவரை, இவற்றுக்கிடையே தொடர்பு உண்டு என்றே கொள்ளுமாறு ஐ.சி.டி. விதி கூறுகிறது. ஆகவே இ11.22, ஐ12.9, என்18.30 ஆகிய மூன்றும் வர வேண்டும். சிக்கலற்ற சர்க்கரை நோய்க்கான இ11.9 என்றும், தனித்த உயர் இரத்த அழுத்தத்துக்கான ஐ10 என்றும் இட்டுவிட்டு நகர்பவர் தவறு செய்கிறார். சர்க்கரை நோய் சிறுநீரகத்தை எவ்வாறு கெடுக்கிறது என்று உடலியலில் படித்திருப்பவருக்கு இந்த விதி ஒருமுறை படித்தாலே நெஞ்சில் நிற்கும். படிக்காதவர் அதைப் பலமுறை மறந்து கற்பார்.

எதை முதலில் கற்க வேண்டும்

பயிற்சி நிலையங்கள் பலவும் முதல் வாரத்திலேயே குறியீட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுகின்றன. இது தலைகீழான வரிசை என்று கருதுகிறேன். முதலில் உடற்கூறியலையும் மருத்துவச் சொற்களின் அமைப்பையும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ‘எக்டமி’ என்று முடிந்தால் உறுப்பையோ அதன் பகுதியையோ வெட்டி அகற்றுதல். ‘ஆட்டமி’ என்றால் கீறித் திறத்தல். ‘ஆஸ்டமி’ என்றால் புதிய வாய் ஒன்றை அமைத்தல். கோலெக்டமியையும் கோலாஸ்டமியையும் குழப்பிக்கொள்பவர் எவ்வளவு விரைவாகக் குறியீடு தேடினாலும் பயனில்லை. இதயத்தின் வழியே குருதி ஓடும் பாதை, பெருங்குடலின் பகுதிகள் வரிசையாக, கை கால் எலும்புகளின் பெயர்களும் அவற்றின் மேல்முனை, நடுத்தண்டு, கீழ்முனை ஆகியவையும், சிறுநீர்ப் பாதை, தமனிகளின் கிளைகள் ஆகியவற்றைப் படம் வரைந்து கற்றுக்கொள்ளுங்கள். நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளும் பெரும்பாலும் இவையே.

இங்கே ஒவ்வொருவருக்கும் தம் பட்டம் தரும் பலம் வேறு. பிசியோதெரபி படித்தவர்களுக்கு எலும்பு, மூட்டு, தசை சார்ந்த அறுவை சிகிச்சைக் குறிப்புகள் இயல்பாகப் புரியும். நர்சிங் படித்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவிலும் உள்நோயாளிப் பிரிவிலும் பிறரைவிட வேகமாகத் தேறுகிறார்கள். வார்டில் அவர்கள் கண்ணால் கண்டவைதாம் சார்ட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. பார்மசி படித்தவர், மருந்துப் பட்டியலைப் பார்த்தவுடனேயே நோயாளிக்கு என்னென்ன நாட்பட்ட நோய்கள் இருக்கக்கூடும் என்று ஊகித்து, அவற்றுக்கான ஆதாரத்தை எங்கே தேட வேண்டும் என்பதை அறிவார். மருந்தை வைத்து மட்டும் நோய்க்குக் குறியீடு இடக் கூடாது என்பதை அவர் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். தாவரவியல் படித்தவர்கள் உடற்கூறியலைத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும். ஆயினும் வகைப்பாட்டியலில் பழகிய மனத்துக்கு ஐ.சி.டி.யின் கிளை பிரியும் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

தமிழ் வழியில் படித்தவர்கள் இந்தத் துறையை எண்ணித் தயங்குவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோடிங், தொலைபேசியில் பேசும் வேலை அன்று. தேவைப்படுவது ஆங்கிலம் பேசும் திறனைவிட, ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை ஐயமறப் படிக்கும் திறனே. சார்ட்டில் வரும் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலமும் இல்லை. மீண்டும் மீண்டும் வரும் சில நூறு சொற்களும் சுருக்கங்களும்தாம். அவற்றுள் சில மிகுந்த கவனத்துக்குரியவை. ‘ஹிஸ்டரி ஆஃப்’ என்று ஒரு புற்றுநோயைக் குறித்திருந்தால், அது சிகிச்சை முடிந்து நீங்கிய நோயா, இன்றும் சிகிச்சை பெறும் நோயா என்று சார்ட் முழுவதும் தேடிப் பார்க்க வேண்டும். நீங்கியது என்றால் இசட்85 வகைக் குறியீடு; சிகிச்சை தொடர்கிறது என்றால் புற்றுநோய்க்குரிய குறியீடே. இந்த ஒன்றில் தவறுவது, நலமடைந்த ஒருவரைப் புற்றுநோயாளியாகப் பதிவு செய்வதாகிவிடும்.

அடுத்த படி, விதிநூல். ஐ.சி.டி-10-சி.எம். குறியிடுதலுக்கான அதிகாரபூர்வ வழிகாட்டு நெறிகள் நூற்றுச் சொச்சம் பக்கங்கள் கொண்டவை; அமெரிக்க அரசின் இணையத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. குறியீட்டுப் பட்டியலும் இலவசமே. சி.பி.டி. மட்டும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பதிப்புரிமைக்கு உட்பட்டது என்பதால் அந்தப் புத்தகத்தை வாங்கத்தான் வேண்டும். ஆகவே, பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, இந்த வழிகாட்டு நெறிகளின் முதல் பிரிவைத் தாமாகப் படித்துப் பார்க்குமாறு ஆர்வமுள்ள ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த நடை பிடித்துப்போனால் துறையும் பிடிக்கும். படிக்கப் படிக்க வெறுப்பு வந்தால், பெருந்தொகை செலவிடுவதற்கு முன்பே அதைத் தெரிந்துகொண்டது நல்லது.

குறியீடு தேடும் முறையைத் தொடக்கத்திலேயே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். முதலில் அகரவரிசைப் பட்டியலில் நோயின் முதன்மைச் சொல்லைத் தேட வேண்டும். அங்கே கிடைத்த எண்ணை அப்படியே இட்டுவிடாமல், எண்வரிசைப் பட்டியலுக்குச் சென்று, அந்தக் குறியீட்டுக்கு மேலும் கீழும் உள்ள குறிப்புகளைப் படித்த பின்பே இட வேண்டும். வேறொரு குறியீட்டை முன்னால் இடு, கூடுதல் குறியீட்டைச் சேர், இவ்விரண்டையும் சேர்த்து இடாதே என்னும் கட்டளைகள் எல்லாம் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கின்றன. காயங்களுக்குரிய குறியீடுகளில் ஏழாம் இடத்து எழுத்தும் இத்தகையதே. முதல் சந்திப்பு என்று பெயர் பெற்ற ‘ஏ’ என்ற எழுத்து, உண்மையில் அந்தக் காயத்துக்கு நேரடிச் சிகிச்சை (ஆக்டிவ் ட்ரீட்மென்ட்) நடந்துகொண்டிருக்கும் காலம் முழுவதற்கும் உரியது. நோயாளி எத்தனையாவது முறை வந்தார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

வேலையில் சேர்தல்

பெரும்பாலான நிறுவனங்கள் உயிர் அறிவியல் அல்லது துணை மருத்துவப் பட்டம் பெற்றவர்களையே ஃப்ரெஷராக எடுக்கின்றன. சான்றிதழ் இல்லாமலே தேர்வு செய்து, தாமே பயிற்சி தரும் நிறுவனங்களும் உண்டு. சான்றிதழ் பெற்றவர்களுக்கு மட்டும் வாய்ப்பளிக்கும் நிறுவனங்களும் உண்டு. குடும்பத்தில் பண நெருக்கடி இருப்பவர்கள் முதல் வழியை நாடி, ஊதியம் பெற்றுக்கொண்டே சான்றிதழுக்குப் படிப்பது நல்லது.

சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். வேலைக்கு முன்பணம் கேட்கும் எவருக்கும் பணம் தராதீர்கள். வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையத்தில், கடந்த ஆண்டு படித்து முடித்தவர்களில் இரண்டு மூன்று பேரிடம் நேரில் பேசிய பின்பே சேருங்கள். பணி ஒப்பந்தத்தில் எத்தனை மாதங்கள் கட்டாயம் பணியாற்ற வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். அசல் பட்டச் சான்றிதழைக் கேட்டால், ஏன், எவ்வளவு காலம் என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்காமல் இருக்க முடிந்தால் கொடுக்காதீர்கள். மற்றொரு செய்தி: நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது, உங்களுக்கு அளிக்கப்படுவது கோடிங் பணியா, ஏ.ஆர். காலிங் பணியா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னது, நிலுவைத் தொகை குறித்து அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களோடு தொலைபேசியில் பேசும் வேலை. பெரும்பாலும் இரவுப் பணி. அதுவும் மதிப்புள்ள வேலைதான், ஆனால் வேறு பாதை.

சான்றிதழ்களுள் இங்கே பரவலாக அறியப்பட்டது, 1988இல் தொடங்கப்பட்ட ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்கக் கோடர் அமைப்பு வழங்கும் சி.பி.சி. நான்கு மணி நேரத்தில் நூறு கேள்விகள். எழுபது விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. குறியீட்டுப் புத்தகங்களைத் திறந்து வைத்தே எழுதலாம். ஒரு கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடம் 24 வினாடிதான் கிடைக்கிறது என்பதால், இது குறியீடு தெரியுமா என்பதைவிடப் புத்தகத்தில் எவ்வளவு விரைவாக நடமாடத் தெரியும் என்பதையே சோதிக்கிறது. நீண்ட அறுவை சிகிச்சைக் குறிப்பைக் கொடுத்து நான்கு விடைகள் தரப்பட்டிருந்தால், முதலில் விடைகளைப் பாருங்கள். அவை எந்த ஒரு குறியீட்டில், குறியீட்டோடு சேர்த்து எழுதும் துணைக்குறியான எந்த ஒரு மாடிஃபையரில் வேறுபடுகின்றன என்று கண்டுகொண்டு, அந்த வேறுபாட்டுக்கான ஆதாரத்தை மட்டும் குறிப்பில் தேடுங்கள். சி.பி.டி. புத்தகத்தில் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் உள்ள விளக்கங்களை முன்கூட்டியே அடிக்கோடிட்டு வைத்திருப்பவருக்கு நேரம் மிஞ்சும்.

அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெற்றவருக்குச் சான்றிதழின் பின்னால் பயிற்சி நிலை என்பதைக் குறிக்கும் ‘ஏ’ என்ற எழுத்து சேர்ந்து வரும். ஈராண்டுப் பணி அனுபவத்தைக் காட்டி அதை நீக்கிக்கொள்ளலாம். அதை நீக்கும் வேலையைப் பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அது வேலை மாறும்போது ஊதியப் பேச்சில் தேவையற்ற பின்னடைவைத் தருகிறது.

எந்தப் பிரிவு

சேர்ந்த முதல் நாளில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்காது. நிறுவனத்துக்கு எந்த வேலை வந்திருக்கிறதோ அதில் அமர்த்துவார்கள். ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் நீங்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதை முதல் ஆண்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

ரேடியாலஜி, பேத்தாலஜி போன்றவற்றில் சார்ட் சிறியது, வேகம் முதன்மையானது. கற்றுக்கொள்ள எளிது, ஆனால் மென்பொருள்கள் முதலில் தாமாகக் குறியீடு இடத் தொடங்கியிருப்பதும் இத்தகைய பிரிவுகளில்தான். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவரின் முடிவெடுக்கும் சிக்கலை எடைபோட்டு 99281 முதல் 99285 வரையிலான நிலைகளுள் ஒன்றைத் தர வேண்டும். இதற்கான விதிகள் 2023இல் மாறின. எச்.சி.சி. என்பது, தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வழி மெடிக்கேர் பெறும் மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டத்தில் உள்ளவர்களின் நோய்ச்சுமையைக் கணக்கிடும் பிரிவு. ஒவ்வொரு நாட்பட்ட நோயும் அந்த ஆண்டில் கண்காணிக்கப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா, சிகிச்சை தரப்பட்டதா என்ற ஆதாரத்தைத் தேடிக் குறியிட வேண்டும். இந்தக் கணக்கீட்டு முறையின் 28ஆம் பதிப்பு 2024 முதல் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டு, அதில் உள்ள நோய்த் தொகுப்புகளின் எண்ணிக்கை 86இலிருந்து 115 ஆனது. தமிழ்நாட்டில் ஃப்ரெஷர்கள் பெருமளவில் நுழையும் வாயில்களுள் இதுவும் ஒன்று. இதில் வேலையளவு பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் என்பதை அறிந்தே சேர வேண்டும்.

என் பரிந்துரை, முதல் மூன்று ஆண்டுகளுக்குள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கோ, ஐ.பி.-டி.ஆர்.ஜி. எனப்படும் உள்நோயாளிப் பிரிவுக்கோ நகர்ந்துவிட வேண்டும் என்பதே. உள்நோயாளிகளுக்கு ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே பணம் தராமல், நோய்த் தொகுதி வாரியாக ஒரே தொகையாகத் தரும் முறையை மெடிக்கேர் 1983இல் கொண்டுவந்தது. ஆகவே எது முதன்மை நோய், எவை சிக்கலை மிகுவிக்கும் துணை நோய்கள், அவை மருத்துவமனையில் சேரும்போதே இருந்தவையா, சேர்ந்த பின் வந்தவையா என்று கோடர் தீர்மானிப்பதைப் பொறுத்து மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகை பெரிதும் மாறுகிறது. சார்ட் பல நூறு பக்கங்கள் இருக்கலாம். ஒரு நாளில் சிலவற்றையே முடிக்க முடியும். கடினமான வேலைதான். கடினம் என்பதாலேயே இதில் தேர்ந்தவர்களுக்கு ஊதியமும் மதிப்பும் கூடுதலாக இருக்கின்றன. இதற்கு ஏ.ஏ.பி.சி.யின் சி.ஐ.சி. அல்லது அஹிமா என்ற மற்றொரு அமெரிக்க அமைப்பின் சி.சி.எஸ். சான்றிதழ் துணைசெய்யும். பிரிவு மாற்றத்துக்கு நிறுவனம் அழைக்கும்வரை காத்திருக்காமல், தற்போதைய பிரிவில் தரத்தைத் தொடர்ந்து காப்பாற்றிக்கொண்டே, உள்ளறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கும் நிலையில் சான்றிதழோடு இருங்கள்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஐ.சி.டி-10-சி.எம்., சி.பி.டி. ஆகியவையே பயன்படுகின்றன என்பதால் இங்கே கற்றது அங்கே அப்படியே பயன்படும். சவூதி அரேபியா ஆஸ்திரேலிய வழியிலான ஐ.சி.டி-10-ஏ.எம். முறையைப் பின்பற்றுகிறது, அதைத் தனியே கற்க வேண்டும்.

ஆடிட் என்னும் பள்ளிக்கூடம்

பல நிறுவனங்களில் 95 விழுக்காடு துல்லியம் என்பது எதிர்பார்க்கப்படும் தரம். அதனுடன் ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்ற இலக்கும் இருக்கும். பயிற்சி முடிந்து முதல் சில மாதங்களில் இரண்டையும் சேர்த்துத் தாங்குவது கடினம். இலக்குக்கு அஞ்சி வேகத்தைப் பிடித்துக்கொண்டு தரத்தை விட்டுவிடுபவர்களே மிகுதி. அதற்கு மாறாக, முதலில் தரம், பின்னர் வேகம் என்றே பழகுங்கள். வேகம் பழக்கத்தில் தானாக வரும். தவறான பழக்கம் தானாக நீங்குவதில்லை.

ஆடிட்டர் குறித்துத் தரும் ஒவ்வொரு பிழையும் இலவசப் பாடம். நோயாளியின் தகவல்களைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் காரணமாக, வேலை செய்யும் தளத்துக்குள் கைப்பேசியையும், பல இடங்களில் காகிதத்தையும் அனுமதிக்க மாட்டார்கள். ஆகவே நோயாளியைப் பற்றிய எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது. பிழைக்குக் காரணமான விதியை மட்டும் நினைவில் ஏற்றிக்கொண்டு, அன்று மாலை வீட்டில் அந்த விதியை வழிகாட்டு நெறியில் தேடிப் படித்து, பிரிவு எண்ணோடு நோட்டில் எழுதிவையுங்கள். இப்படி எழுதி வந்தால், உங்கள் பிழைகளில் பெரும்பகுதி ஒருசில விதிகளையே சுற்றி வருவதைக் காண்பீர்கள். அவற்றைச் சரிசெய்துவிட்டால் தரம் சட்டென்று உயரும்.

ஆடிட்டர் தவறு என்று குறித்த உங்கள் குறியீடு சரியானதே என்று தோன்றினால் மறுப்பு எழுதத் தயங்காதீர்கள். ஆனால் முன்பு இருந்த நிறுவனத்தில் இப்படித்தான் செய்தோம் என்பது ஆதாரம் ஆகாது. வழிகாட்டு நெறியின் பிரிவு எண், அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் காலாண்டுதோறும் வெளியிடும் கோடிங் கிளினிக், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சி.பி.டி. அசிஸ்டன்ட் ஆகியவற்றில் ஒன்றைச் சுட்டி எழுதுங்கள். இவ்வாறு ஆதாரத்தோடு எழுதும் கோடரின் பெயரை ஆடிட் குழுவில் உள்ளவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். அடுத்த ஆடிட்டர் பணியிடம் காலியாகும்போது அந்தப் பெயர் நினைவுக்கு வரும். அதே அளவு முக்கியமானது, மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதற்காக ஆதாரமில்லாத குறியீட்டை ஒருபோதும் இடாமல் இருப்பது. பொய்க் கணக்கு காட்டி அரசுப் பணத்தைப் பெறுவதற்கு எதிராக அமெரிக்கா 1863இல் உள்நாட்டுப் போர்க் காலத்தில் இயற்றிய சட்டம், இன்று மெடிக்கேர் மோசடிகளுக்கு எதிராகத்தான் மிகுதியாகப் பயன்படுகிறது. யார் அழுத்தம் கொடுத்தாலும், சார்ட்டில் எழுதப்படாத நோய் நோயாளிக்கு இல்லை என்றே கொள்ளுங்கள்.

விடுப்பும் திரும்புதலும்

பெண்களுக்கு இந்தத் துறை தரும் வாய்ப்பைத் தனியே சொல்ல வேண்டும். கோடிங் பெரும்பாலும் பகல் நேரப் பணி. 2020க்குப் பிறகு வீட்டிலிருந்து பணியாற்றும் வாய்ப்பும் பல இடங்களில் விரிவடைந்தது. திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் இடைவெளி எடுத்துக்கொள்பவர்கள், அந்தக் காலத்திலும் சான்றிதழைக் காலாவதியாக விடாதீர்கள். ஏ.ஏ.பி.சி.யின் ஒரு முதன்மைச் சான்றிதழ் வைத்திருப்பவர் ஈராண்டுக்கு 36 தொடர்கல்விப் புள்ளிகள் பெற வேண்டும். அவற்றில் பலவற்றை வீட்டிலிருந்தே இணையவழியில் பெறலாம். உயிருள்ள சான்றிதழோடு திரும்பி வருபவர் விட்ட இடத்துக்கு அருகிலேயே தொடங்குகிறார். சான்றிதழை இழந்தவர், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், தொடக்கநிலைத் தேர்வுகளை மீண்டும் எழுத நேர்கிறது.

தானியங்கி மென்பொருளும் அடுத்த பத்தாண்டும்

மென்பொருள் இந்த வேலையை எடுத்துக்கொள்ளுமா என்ற கேள்வியைப் பெற்றோர் கேட்கிறார்கள், கேட்பது நியாயமே. எளிய, ஒரே மாதிரியான சார்ட்டுகளை மென்பொருள் குறியிடுவது ஏற்கெனவே நடக்கிறது, இன்னும் பரவும். ஆகவே குறியீட்டைத் தேடி இடுவது மட்டுமே தெரிந்தவருக்கு இடம் குறையும். மென்பொருள் இட்டதைச் சரிபார்ப்பவர், மருத்துவரின் குறிப்பில் தெளிவில்லாதபோது முறையாகக் கேள்வி எழுப்பத் தெரிந்தவர், மறுக்கப்பட்ட கணக்கு ஏன் மறுக்கப்பட்டது என்று ஆராய்ந்து மேல்முறையீட்டுக்கு ஆதாரம் திரட்டத் தெரிந்தவர் ஆகியோரின் தேவை நீடிக்கும் என்றே எண்ணுகிறேன்.

எனவே இரண்டாம் ஆண்டிலிருந்தே, நீங்கள் இட்ட குறியீடு காப்பீட்டு நிறுவனத்தை அடைந்த பிறகு என்ன ஆகிறது என்று அறிந்துகொள்ளத் தொடங்குங்கள். எந்த இரு சிகிச்சைகளைச் சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்று மெடிக்கேர் 1996 முதல் பேணிவரும் தடைப்பட்டியல், இன்ன நோய்க்கு மட்டுமே இன்ன பரிசோதனைக்குப் பணம் தரப்படும் என்று வகுத்துள்ள கொள்கைகள், ஒரே நாளில் செய்த சிறு சிகிச்சையிலிருந்து மருத்துவரின் பரிசோதனையைத் தனித்துக் காட்டும் 25ஆம் மாடிஃபையர், ஒன்றோடொன்று கலவாத இரு செயல்களைப் பிரித்துக் காட்டும் 59ஆம் மாடிஃபையர் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவரை, மறுக்கப்பட்ட கணக்குகளைக் கையாளும் டினையல் குழுக்கள் விரும்பி அழைக்கின்றன.

ஆண்டுக்கு இருமுறையேனும் புத்தகத்தைப் புதிதாகப் படிக்கவும் வேண்டும். ஐ.சி.டி. மாற்றங்களுள் பெரும்பாலானவை அக்டோபர் 1 அன்றும், சி.பி.டி. மாற்றங்கள் ஜனவரி 1 அன்றும் நடைமுறைக்கு வருகின்றன. ஐ.சி.டி. வழிகாட்டு நெறிகளில் புதிதாகச் சேர்ந்த வாசகங்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்படுவதால், செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் அவற்றைப் படித்து முடித்துவிடலாம். படிக்கும்போது ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெளிநோயாளிக்குச் சிகிச்சை நடந்த நாளை வைத்தும், உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் ஆன நாளை வைத்துமே எந்த ஆண்டுக் குறியீடு என்பது தீர்மானிக்கப்படுகிறது. செப்டம்பர் 28இல் சேர்ந்து அக்டோபர் 2இல் வீடு திரும்பிய நோயாளியின் சார்ட்டுக்குப் புதிய ஆண்டின் குறியீடுகளையே இட வேண்டும்.